நூறு முட்டை தெர்மாகோல் இன்குபேட்டர்: எது உருப்படி, எதை மாற்ற வேண்டும்

வள்ளியூர், நாங்குநேரி, அம்பாசமுத்திரம், தென்காசி என்று திருநெல்வேலிச் சீமையில் நாட்டுக்கோழி வளர்க்கிற வீடுகளில் இப்போது சகஜமாகக் கண்ணில் படுவது, உள்ளூரிலேயே பூட்டிக் கொடுக்கிற தெர்மாகோல் இன்குபேட்டர். மூடியில் சின்னதாக ஒரு சன்னல், உள்ளே இரண்டு குண்டு பல்பு, ஒரு கம்ப்யூட்டர் ஃபேன், முட்டையைச் சாய்க்கிற தட்டு, வெளியே சிவப்பு எண் எரிகிற கண்ட்ரோலர். எழுபதில் இருந்து நூறு முட்டை வரை கொள்ளும். அந்த வகைப் பெட்டியைப் பற்றிய மதிப்பீடு இது. கடைப் பெயர் எதுவும் இதில் வராது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சாமான்தான், பூட்டுகிற கைதான் வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டி நல்லது, வாங்கலாம். சூட்டைப் பிடித்து வைப்பதில் ஒன்றரை, இரண்டு அங்குலத் தெர்மாகோலுக்கு இந்த விலையில் போட்டியே இல்லை. ஆனால் வாங்கி வந்த அன்றே முட்டையை அடுக்கினால் பாதிதான் பொரிக்கும். பொரிக்கவில்லை என்றால் முதலில் முட்டை கொடுத்தவர் மேல் பழி விழும், அடுத்தது சேவல் மேல். பெட்டி காட்டுகிற எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

37.7 என்பது எந்த இடத்துச் சூடு?

ஃபேன் ஓடுகிற பெட்டிக்கு 37.5 முதல் 37.7 டிகிரி, அதாவது 99.5 முதல் 99.9 ஃபாரன்ஹீட். ஃபேன் இல்லாத பெட்டி என்றால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.8 வரை. இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கண்ட்ரோலர் 37.7 என்று காட்டினால், சென்சார் நுனி தொங்குகிற இடத்தில் அந்தச் சூடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். பல பெட்டிகளில் சென்சார் வயரை ஃபேனுக்கு முன்னாலோ, மூடிக்கு ஒட்டினாற்போலவோ விட்டிருக்கிறார்கள். வெதுவெதுப்பான காற்று நேராகச் சென்சார் மேல் அடிக்கும், பல்பு சீக்கிரம் அணைந்துவிடும், தட்டின் தூர மூலையில் இருக்கிற முட்டை 36.5-லேயே கிடக்கும். நுனி முட்டையின் மேல்தோடு உயரத்தில், தட்டின் நடுவில், எதிலும் தொடாமல் தொங்க வேண்டும். வயரை ஒரு டேப் போட்டு நிறுத்தினால் போதும், காசு செலவே இல்லை.

அடுத்து அளந்து பார்ப்பது. காற்றின் சூட்டை அளப்பதைவிட முட்டைக்குள் இருக்கிற சூட்டை அளப்பதே சரி. அதற்கு இருமல் மருந்து வருகிற சின்ன பாட்டில் ஐந்தில் தண்ணீர் நிரப்பி, இறுக்கி மூடி, நாலு மூலையிலும் நடுவிலும் முட்டை இருக்கும் மட்டத்தில் வையுங்கள். மூடியை இறுக்காமல் விட்டால் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ந்து கணக்கு தப்பிவிடும். முட்டை எதுவும் வைக்காமல் பெட்டியை ஆறு மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து, மூடியைத் திறந்த கையோடு, காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டரை உள்ளே விட்டுப் பாருங்கள். மெடிக்கல் கடையில் கிடைக்கிற அந்தச் சாதாரணக் கருவி உடம்புச் சூட்டு அளவில் 0.1 டிகிரி துல்லியம் காட்டும். பெட்டியோடு வருகிற எந்தச் சென்சாரும் அதற்கு ஈடில்லை.

ஐந்து பாட்டிலுக்கும் நடுவில் அரை டிகிரிக்குள் வித்தியாசம் இருந்தால் நல்ல பெட்டி. ஒரு டிகிரிக்கு மேல் போனால் காற்றோட்டக் கோளாறு. ஃபேன் காற்று முட்டை மேல் நேராக அடிக்காமல், மூடியின் அடிப்பக்கத்தில் அடித்துத் திரும்பி வருகிற மாதிரி மாற்றி வையுங்கள். ஐந்தும் ஒன்றுபோல 37.0 காட்டி, கண்ட்ரோலர் மட்டும் 37.7 என்றால் சரிசெய்கிற எண்ணைப் போட வேண்டியதுதான். டபிள்யூ-1209 என்கிற கண்ட்ரோலர் போர்டில் அது பி4 என்கிற அமைப்பு, எஸ்.டி.சி-1000 என்கிற கண்ட்ரோலரில் எஃப்4. இந்த உதாரணத்துக்கு மைனஸ் 0.7 போட வேண்டும்.

இன்னொரு எண்ணும் பல பெட்டிகளில் தொடாமலே விடப்பட்டிருக்கிறது. எத்தனை டிகிரி இறங்கினால் பல்பு மறுபடி எரிய வேண்டும் என்கிற எண். டபிள்யூ-1209-ல் பி1. கம்பெனியில் இருந்து வரும்போது அது 2.0 டிகிரியில் இருக்கும். அப்படியே விட்டால் 37.7-ல் அணைத்து, 35.7-க்கு இறங்கிய பிறகுதான் மறுபடி பல்பைப் போடும். சராசரி 36.7-ல் நின்றுவிடும், 21-ஆம் நாள் வர வேண்டிய குஞ்சு 22, 23-ஆம் நாள்தான் வரும், வந்தாலும் வயிறு பெருத்து நடக்கத் தெம்பில்லாமல் கிடக்கும். பி1-ஐ 0.2 அல்லது 0.3-க்குக் குறையுங்கள். எஸ்.டி.சி-1000-ல் இதுவே எஃப்2, குறைந்தபட்சம் 0.3 வரை வைக்கலாம். பூட்டிக் கொடுத்தவரிடம் இந்த எண் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வந்தால் அவர் குஞ்சு பொரித்துப் பார்த்தவர்.

பல்பு, ரிலே, ஃபேன்

நூறு முட்டைப் பெட்டிக்கு இரண்டு 40 வாட் குண்டு பல்பு போதும். ஒரே 100 வாட் பல்பு போட்டவர்களும் உண்டு. பல்பு அணைந்த பிறகும் அதன் கண்ணாடிச் சூட்டில் பெட்டி மேலே ஏறிக்கொண்டே போகும், ஃபியூஸ் போனால் மாற்று இல்லாமல் எல்லாம் ஆறிவிடும். இரண்டு இருந்தால் ஒன்று போனாலும் மற்றது விடியும்வரை தாக்குப்பிடிக்கும். பல்புக்கும் முட்டைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு அவசியம். இல்லாவிட்டால் பல்பைப் பார்த்து இருக்கிற முட்டைகள் ஒரு பக்கம் வெந்துபோகும். குண்டு பல்பு கிடைக்கவில்லை என்று எல்.இ.டி. மாட்டிவிடாதீர்கள், அதில் இந்த வேலைக்கு உதவுகிற சூடு வராது. செராமிக் ஹீட்டர் போட்ட பெட்டி கொஞ்சம் கூடுதல் விலை. ஆனால் பல்பு தேடி அலைய வேண்டாம், அந்தப் பணத்தைக் கொடுக்கலாம்.

கண்ட்ரோலருக்குள் இருந்து பல்பைப் போட்டு அணைக்கிற சுவிட்சான ரிலேதான் இந்தப் பெட்டியின் பயங்கரமான பலவீனம். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை போட்டு அணைக்கிற ரிலேயின் முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்போது கண்ட்ரோலர் அணைக்கச் சொன்னாலும் பல்பு அணையாது. 40 டிகிரி தாண்டி இரண்டு மூன்று மணி நேரம் நின்றால் அந்த ஈடு, அதாவது அந்தத் தடவை வைத்த முட்டை, முழுக்கப் போனது மாதிரிதான். சூடு குறைவதைக் கரு ஓரளவு பொறுத்துக்கொள்ளும், கூடுவதைப் பொறுக்காது. ஆகவே பல்புக்குப் போகிற வயரில் இரண்டாவதாக ஒரு தெர்மோஸ்டாட்டை 38.5-க்கு வைத்து சீரிஸில் சேர்க்கச் சொல்லுங்கள். முதல் ரிலே ஒட்டினாலும் இது வெட்டிவிடும். சின்னச் செலவு. இதைச் சேர்க்காமல் விற்கிற பெட்டிக்கு முழு மதிப்பெண் கொடுக்க மனம் வரவில்லை.

ஃபேன் 12 வோல்ட், 80 மில்லிமீட்டர். மலிவான ஃபேன் 38 டிகிரி ஈரக் காற்றில் இரவு பகல் ஓடி, சில ஈடுகளில் சத்தம் போட ஆரம்பிக்கும். சத்தம் வந்தவுடன் மாற்றிவிட வேண்டும். ஃபேன் நின்றால் பெட்டியின் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் வந்துவிடும், கண்ட்ரோலரோ ஒன்றும் நடக்காதது போல 37.7 என்று காட்டிக்கொண்டிருக்கும். உவரி, இடிந்தகரை மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் போர்டின் இணைப்புகள் பச்சை பூத்துவிடுவதையும் கவனிக்க வேண்டும்.

ஈரப்பதம்: ஆனிக்கு ஒரு கணக்கு, ஐப்பசிக்கு ஒரு கணக்கு

முதல் 18 நாளுக்கு 50 முதல் 55 சதம், கடைசி 3 நாளுக்கு 65 முதல் 70 சதம். பெட்டியோடு தருகிற காகிதத்தில் "தண்ணீர்த் தட்டை எப்போதும் நிரப்பி வைக்கவும்" என்று ஒரே வரி இருக்கும். நம் பக்கத்துக்கு அந்த ஒரு வரி போதாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அறைக்காற்று 28 டிகிரி, 85 சதம் ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5-க்குச் சூடாகும்போது ஈரப்பதம் தானாகவே 50 சதத்துக்கு இறங்கிவிடும். அதாவது சொட்டுத் தண்ணீர் வைக்காமலே முதல் 18 நாளுக்குத் தேவையானது கிடைத்துவிடுகிறது. அந்த மாதத்தில் தட்டை நிரப்பினால் முட்டைக்குள் இருக்கிற நீர் வெளியேற வழியில்லாமல், குஞ்சு கடைசி நாளில் அந்த நீரிலேயே மூச்சு முட்டிப் போகும். இதற்கு மாறாக ஆனி, ஆடியில் ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் காய்ந்த காற்று சுழற்றி அடிக்கும்போது, 34 டிகிரியும் 40 சதமும் உள்ள காற்று பெட்டிக்குள் 33 சதமாகிவிடும். அங்கே முழுத் தட்டு தண்ணீரும் பத்தாமல் போகலாம். அதே ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல். அங்கே காற்று ஈரமாக இருந்தாலும் குளிர்ச்சியாக இருப்பதால் பெட்டிக்குள் 45 அருகில் நிற்கும், கால் தட்டு தண்ணீர் போதும். ஒரே மாதம், ஒரே பெட்டி, எண்பது தொண்ணூறு கிலோமீட்டரில் தண்ணீர்க் கணக்கே மாறிவிடுகிறது.

தண்ணீரின் ஆழத்துக்கும் ஈரத்துக்கும் சம்பந்தம் இல்லை, காற்றுப் படுகிற பரப்புக்குத்தான் சம்பந்தம். ஈரம் கூட வேண்டும் என்றால் தட்டில் ஒரு பருத்தித் துணியைத் தொங்க விடுங்கள், அல்லது ஸ்பாஞ்சு போடுங்கள். குறைய வேண்டும் என்றால் தட்டின் பாதியை மூடுங்கள். காற்றுத் துளையை அடைத்து ஈரத்தைக் கூட்டுவது கூடவே கூடாது. கடைசி வாரத்தில் நூறு முட்டையும் மூச்சு விடுகிறது.

பெட்டியின் ஈரப்பத சென்சாரை அளந்து பார்க்கவும் ஒரு எளிய வழி உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறு மாதிரி நனைகிற அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். அந்த மூடியையும் சென்சார் நுனியையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, வயர் வருகிற இடத்தையும் டேப்பால் ஒட்டி, எட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். நனைந்த உப்புக்கு மேல் நிற்கிற காற்றின் ஈரப்பதம் 75 சதம். சென்சார் 68 காட்டினால் ஏழு சதம் குறைவாகக் காட்டுகிறது என்று அர்த்தம். உப்பு சென்சார் மேல் படக் கூடாது.

சென்சாரையே நம்பாமல் இருக்க விரும்பினால் தராசு இருக்கிறது. முட்டை 18 நாளில் தன் எடையில் 11 முதல் 13 சதம் இழக்க வேண்டும். 45 கிராம் வீதம் பத்து முட்டையை மொத்தமாக நிறுத்தால் 450 கிராம். ஏழாம் நாள் 429, பதினான்காம் நாள் 408, பதினெட்டாம் நாள் 396 கிராம் அளவுக்கு வந்தால் சரியான பாதை. ஏழாம் நாள் 438 நின்றால் ஈரம் அதிகம், தண்ணீரைக் குறையுங்கள். 418 என்றால் காய்கிறது, பரப்பைக் கூட்டுங்கள். ஒரு கிராம் காட்டுகிற சமையல் தராசே போதும். இந்தப் பெட்டிக்கு வாங்க வேண்டிய உபரிச் சாமானில் முதலிடம் தராசுக்குத்தான்.

திருப்புகிற தட்டு

தட்டு ஒரு பக்கம் 45 டிகிரி, மறுபக்கம் 45 டிகிரி சாய வேண்டும். பல பெட்டிகளில் பாதிதான் சாய்கிறது, ஏனென்றால் பெட்டியின் உயரம் பத்தவில்லை. முட்டை திரும்பாவிட்டால் கரு ஓட்டின் உள் ஜவ்வில் ஒட்டிக்கொள்ளும். மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாள் வரை இது மிக முக்கியம், அந்த நாட்களில் மோட்டார் நின்றால் கையாலாவது ஒரு நாளைக்கு ஐந்து தடவை திருப்புங்கள். சாய்க்காமல் முட்டையைத் தள்ளி உருட்டுகிற கட்டம் போட்ட தட்டும் வருகிறது. அதில் 40 கிராம் சிறுவிடை (சின்ன ரக நாட்டுக்கோழி) முட்டை பெரிய கட்டத்துக்குள் உருளாமல் வழுக்கிக்கொண்டு போகும், பெருவிடை முட்டையும் வாத்து முட்டையும் சிக்கும். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் என்று பென்சிலால் போட்டு வைத்தால் திரும்புகிறதா என்று சன்னல் வழியாகவே தெரிந்துவிடும். மார்க்கர் வேண்டாம்.

சாய்கிற தட்டில் அடுக்கும்போது அகலமான முனை மேலே இருக்க வேண்டும். காற்றறை அங்கேதான் இருக்கிறது. கூர்முனையை மேலே வைத்தால் குஞ்சு தலைகீழாகத் திரும்பி, காற்றில்லாத பக்கத்தில் கொத்தும். பதினெட்டாம் நாள் திருப்புவதை நிறுத்தி, முட்டைகளைப் படுக்க வைத்து, அடியில் சொரசொரப்பான வலையோ துணியோ விரியுங்கள். வழவழப்பான தளத்தில் நிற்கப் பழகுகிற குஞ்சுக்குக் கால் இரண்டு பக்கமும் விரிந்துவிடும்.

பொரிக்காத முட்டை சொல்வது

ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நரம்பும் நடுவில் அசைகிற ஒரு கறுப்புப் புள்ளியும் தெரிந்தால் உயிருள்ள கரு. வெளிச்சம் தெளிவாக ஊடுருவினால் கரு கூடவில்லை. அதற்குப் பெட்டியைக் குறை சொல்ல முடியாது. எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருக்கிறதா, சேவல் வயதானதா, உக்கிரமான வெயில் காலமா என்று பாருங்கள். நரம்பில்லாமல் ஒரு ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு கூடி, முதல் நாலைந்து நாளில் செத்துவிட்டது. இதற்கு இரண்டு காரணம் முதன்மை: தொடக்கத்தில் பெட்டி அதிகம் சுட்டிருக்கிறது, அல்லது முட்டையைச் சேர்த்து வைத்த விதம் தப்பு.

சேர்த்து வைப்பது சித்திரை, வைகாசியில் பெரிய பிரச்சினை. 20, 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளர ஆரம்பித்துவிடும். அறை 35 டிகிரியில் இருக்கும்போது மேசை மேல் ஐந்து நாள் கிடந்த முட்டையின் கரு, கொஞ்சம் வளர்ந்து, ராத்திரி நின்று, மறுபடி வளர்ந்து பலவீனமாகிவிடும். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை முட்டையை எடுங்கள். மண்சட்டியை ஈர மணலில் பாதி புதைத்து, உள்ளே முட்டையை அகல முனை மேலே வைத்து, மேலே துணியால் மூடுங்கள். ஏழு நாளைக்குள் அடை வைத்துவிட வேண்டும், வெயில் காலத்தில் நாலு நாளே நல்லது. பஸ்ஸில் குலுங்கி வந்த முட்டை என்றால் ஒரு நாள் அசையாமல் வைத்த பிறகு பெட்டியில் ஏற்றுங்கள். கழுவாதீர்கள். ஓட்டின் மேல் உள்ள படலம் போய்விட்டால் கிருமி உள்ளே போய், பத்துப் பன்னிரண்டாம் நாள் முட்டை பெட்டிக்குள் வெடிக்கும், அந்த நாற்றத்தோடு பக்கத்து முட்டைகளும் கெடும்.

இருபத்திரண்டாம் நாள் முடிந்தும் பொரிக்காத முட்டைகளைத் தூக்கி எறியாமல் உடைத்துப் பாருங்கள். முழுதாக வளர்ந்த குஞ்சு, மஞ்சள் கரு உள்ளே இழுக்கப்படாமல், சுற்றிலும் கொழகொழ நீர், காற்றறை சின்னது என்றால் ஈரம் அதிகம். ஓட்டைக் கொத்தித் துளை போட்ட பிறகு, ஜவ்வு காகிதம் போலக் காய்ந்து குஞ்சின் முதுகில் ஒட்டியிருந்தால், கடைசி மூன்று நாள் ஈரம் பத்தவில்லை. அதற்குப் பெரும்பாலும் காரணம் ஆசையோடு மூடியைத் திறந்து திறந்து பார்த்ததுதான். ஒரு தடவை திறந்தால் சேர்ந்த ஈரம் அத்தனையும் போய்விடும். பத்தொன்பதாம் நாளிலேயே பொரித்து, குஞ்சு சின்னதாக, தொப்புள் சரியாக மூடாமல் ரத்தக் கறையோடு இருந்தால் சூடு அதிகம். நடுவாரத்தில், பத்தாம் நாளை ஒட்டி நிறைய செத்திருந்தால் தாய்க்கோழித் தீனியில் வைட்டமின் குறை, குறிப்பாக ரைபோஃபிளேவின். பெட்டியில் எதைத் திருகினாலும் அது சரியாகாது, கீரையும் நல்ல தீனியும் தாய்க்குப் போட வேண்டும். பொரித்த குஞ்சுகள் முதல் வாரத்திலேயே பின்புறம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாகுமானால் அது தாய்வழி நோயாக இருக்கலாம். செத்த குஞ்சை உடனே திருநெல்வேலி ராமையன்பட்டியில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துப் போங்கள்.

ஓட்டில் முதல் கீறல் விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் ஜவ்வில் இருக்கிற ரத்தம் உள்ளே இழுக்கப்படுகிறது, மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகிறது. பரிதாபப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு செத்துவிடும். வெளியே வந்த குஞ்சுக்கு முதல் நாள் தீனியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், வயிற்றில் இருக்கிற மஞ்சள் கரு பார்த்துக்கொள்ளும். உலர்ந்து பஞ்சு மாதிரி ஆன பிறகு குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற 35 டிகிரி புரூடருக்கு மாற்றுங்கள்.

நன்றாகச் சரிசெய்த இந்தப் பெட்டியில், கரு கூடிய முட்டையில் 75 முதல் 85 சதம் பொரிப்பு எதிர்பார்க்கலாம். அதற்குக் கீழே போனால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று தப்பியிருக்கிறது.

கரண்ட், வெயில், எறும்பு

தெர்மாகோலின் அருமை கரண்ட் போகும்போது தெரியும். மூடியைத் திறக்காவிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க கரண்ட் நிறுத்துகிற நாளுக்கு இன்வெர்ட்டர் வேண்டும். இரண்டு 40 வாட் பல்பு வீட்டு இன்வெர்ட்டருக்குப் பெரிய பாரமில்லை. முதல் வாரத்தில் கரண்ட் போனால் பெட்டி மேல் போர்வை போடலாம். பதினைந்தாம் நாளுக்குப் பிறகு முட்டை தானே சூடு தரும், மூச்சும் விடும். அப்போது போர்வை போட்டுத் துளையை அடைத்தால் உள்ளே வெந்து, காற்றில்லாமல் போய்விடும். ஃபேனுக்கு மட்டுமாவது ஒரு 12 வோல்ட் பேட்டரி இணைத்து வைப்பது நல்லது.

இந்தப் பெட்டிக்குச் சூடாக்கத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. கத்திரி வெயிலில் மொட்டை மாடி அறையிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியிலோ வைத்தால் அறையே 38-ஐத் தொட்டுவிடும், பல்பு எரியாமலே பெட்டி 39-க்குப் போகும். கண்ட்ரோலரைக் குறை சொல்லிப் பயனில்லை. தரைத்தளத்தில், வெயிலும் வாசற்காற்றும் நேராகப் படாத அறையில், 30 டிகிரியை ஒட்டிய இடமாகப் பாருங்கள்.

மேசையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டையில் நிறுத்துங்கள். கொத்த ஆரம்பித்த முட்டையின் வாசனைக்கு எறும்பு வரிசை கட்டி வரும், வெளியே வர முடியாத குஞ்சைக் கடித்தே கொன்றுவிடும். எலியும் தெர்மாகோலைக் குடைந்துவிடும்.

சுத்தம் செய்வதில்தான் இந்தப் பெட்டிக்குக் குறைந்த மதிப்பெண். குஞ்சின் எச்சமும் உடைந்த முட்டையின் நீரும் தெர்மாகோலுக்குள் ஊறிவிடும். வாங்கிய உடனே உள்தளத்திலும் பக்கங்களிலும் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் அதை மட்டும் எடுத்துக் கழுவலாம். சோப்புத் தண்ணீர், பிறகு நீர்த்த பிளீச்சிங், நிழலில் காய வைப்பு. தின்னரோ பெட்ரோலோ பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். ஃபேன் இறக்கையிலும் சென்சாரிலும் ஒட்டிய குஞ்சுத் தூவியைப் பிரஷால் தட்டிவிடுங்கள்.

யாருக்கு எது

சீனத் தயாரிப்பான 56 முட்டைப் பிளாஸ்டிக் பெட்டியோடு ஒப்பிட்டால், கழுவுவதற்கும் பார்வைக்கும் அதுதான் மேல். ஆனால் அதன் மெல்லிய மூடி ஆடிக் காற்று வீசுகிற அறையில் சூட்டை நிறுத்தாது, கரண்ட் போனால் அரை மணி நேரத்திலேயே ஆற ஆரம்பிக்கும். வீட்டுத் தேவைக்கு வருடத்தில் இரண்டு மூன்று ஈடு மட்டும், இன்வெர்ட்டரும் உண்டு என்றால் பிளாஸ்டிக் பெட்டி போதும். மாதா மாதம் பொரிப்பவர்கள் தெர்மாகோலுக்கே போகலாம்.

வாரா வாரம் சேர்கிற முட்டையை ஓடுகிற பெட்டியிலேயே ஏற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். முதல் வார முட்டைக்கு 50 சதம் வேண்டும், பொரிக்கிற முட்டைக்கு 70 சதம் வேண்டும், இரண்டையும் ஒரே பெட்டி தராது. பொரிக்கிற பெட்டியில் பறக்கிற தூவியும் கிருமியும் புது முட்டைக்கும் ஆகாது. வாரா வாரம் வைக்கத்தான் வேண்டும் என்றால், திருப்புகிற தட்டு இல்லாத சின்னப் பெட்டி ஒன்றைக் கடைசி மூன்று நாளுக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெரிய பெட்டிக்கு இருநூறு முட்டை அளவில் பணம் போடுவதைவிட இது லாபம்.

வாங்கும்போது கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட விட்டு, பல்பு எத்தனை டிகிரியில் அணைகிறது, எத்தனையில் எரிகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். தட்டு எவ்வளவு சாய்கிறது என்று கண்ணால் பாருங்கள். மூடியைத் திறக்காமல் தண்ணீர் ஊற்ற வெளியில் இருந்து ஒரு குழாய் வைத்துத் தரச் சொல்லுங்கள். உபரியாக ஒரு சென்சார், ஒரு ஃபேன், இரண்டு பல்பு சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இவை திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளிலும் கிடைக்கும், ஆனால் பத்தொன்பதாம் நாள் ராத்திரி ஃபேன் நின்றால் அப்போது கடை திறந்திருக்காது.